இடது ஓரம் விட்டுப்போன படங்கள்

இன்று காலை என் மகள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து புதுக் கேமராப் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். மூடியைத் திறந்ததுமே புது ரப்பரும் அட்டையும் கலந்த அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் அந்த வாசனைக்கு என் உடம்பு இப்படித்தான் பதில் சொல்கிறது. ஏதோ நடக்கப்போகிறது, ஓடிப்போய்த் தடு என்று சொல்கிறது.

அவளுக்கு அது எப்படித் தெரியும்? வாரமெல்லாம் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறானால் கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என்று திரிகிறவள். அட்டையில் போட்டிருந்ததை எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தாள். "ஃபுல் ஃப்ரேம்மா இது! ஆளோட கண்ணு எங்க இருக்குன்னு அதுவே தேடிப் புடிச்சு ஃபோகஸ் பண்ணிக்கும். நிமிஷமா எடுத்துத் தள்ளும். மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது." நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஃபுல் ஃப்ரேம் என்றால் ஏதோ புது வித்தை என்று நினைத்துவிடாதே. நம் பிலிமில் ஒரு படம் விழுமே, அதே அளவுதான். பிலிமுக்குப் பதிலாக அந்த அளவுக்கு ஒரு சில்லு செய்யத்தான் உலகம் இவ்வளவு காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அடுத்த வரியைப் படித்தாள். "வ்யூஃபைண்டர்ல நூறு பர்சென்ட் தெரியும்மா." நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா, தலை சுத்துதா?" என்று எழுந்து வந்தாள். "ஒண்ணுமில்ல, நீ படி" என்றேன். அவள் மறுபடி பெட்டியிடம் போய்விட்டாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உனக்கு எழுதப் பால்கனிக்கு வந்துவிட்டேன்.

உன் தலைக்குள் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் சொன்னது நாம் ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் கறுப்புக் கேமராதான். டாக்டர் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு ரோலிலும் அது சொல்லிக்கொண்டே இருந்தது. நாம் அதன் மேலேயே பழியைப் போட்டோம்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் நம் ஸ்டுடியோ. கீழே மிளகாய் அரைத்தால் மேலே பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் தும்முவார்கள். நீ சாந்தோம் குப்பத்துக்காரன். உன் அப்பா கட்டுமரத்தில் போனவர். உன் அம்மா எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே கூடை வைத்து மீன் விற்றிருக்கிறார். நான் மாடவீதிக்குப் பின்புறம் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியாரின் பெண். மேடையும் மண்டபமும் உன் பொறுப்பு. மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையும், அப்புறம் படம் பொறுக்கி ஆல்பம் போடுவதும் என் பொறுப்பு. ஆம்பளை நுழைய முடியாத அறைக்குள் நுழைய ஒரு பொம்பளை போட்டோகிராபர் இருக்கிறாள் என்பதற்காகவே அந்நாளில் நமக்கு நல்ல கிராக்கி. நீ என்னை 'மேடம்' என்பாய், அதில் மரியாதை துளியும் இருக்காது. நான் உன்னை 'யோவ்' என்பேன். வீட்டில் என் கணவரும் உன் ஸ்டெல்லாவும் நம் சண்டைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்.

கப்பலில் வேலை பார்த்த உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கேமராவைக் கொண்டுவந்த அன்று நீ சாப்பிடவில்லை. பத்திரிகைக்காரர்களும் பெரிய ஸ்டுடியோக்காரர்களும் மட்டுமே வைத்திருந்த ரகம். பெட்டியோடு வந்த தடித்த புத்தகத்தை ஜெபம் சொல்வதுபோல் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாய். புரிந்ததை எனக்குச் சொன்னாய், புரியாததையும் சொன்னாய்.

"ஃபோகஸு அதுவே புட்ச்சிக்கும் மேடம், நாம்ப திருகவே வேணாம். பட்டன அமுக்கிக்கினே இருந்தா படபடபடன்னு எட்த்துக்கினே போவும். உடம்பு பூரா இரும்பு. மணலு, உப்புக்காத்து, மழ, எதுவும் உள்ள பூராது. ஷட்டருக்கு இன்னா ஆயுசு போட்டுக்கீறான் தெரியுமா? லட்சத்துக்கு மேல! நாம்ப ரெண்டு பேரும் பூட்டாலும் இது பாட்டுக்கு அட்ச்சிக்கினு இருக்கும்."

"வாய மூடுய்யா. புதுப் பொருளக் கையில வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. கீழே மில் நின்றுபோய், மாடி திடீரென்று அமைதியாக இருந்தது.

உனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்த நூறு சதவீதம்தான். நம் பழைய கேமராவில், கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் கண்ணாடிக்குள் தெரிவதைவிடப் பிலிமில் கொஞ்சம் கூடுதலாகவே விழும். ஓரத்தில் நிற்கிற சித்தப்பாக்களும் ஒன்றுவிட்ட அத்தைகளும் அந்தக் கொசுறில்தான் பிழைத்துப்போவார்கள். புதுசில் அந்தச் சலுகை கிடையாது. எடுக்கிறவன் கண் எதைப் பார்த்ததோ அது மட்டும் விழும். "பொய்யே கெடையாது மேடம், கண்ணு பாத்தது அப்டியே பிலிம்ல" என்று தெருவில் போகிறவனிடமெல்லாம் சொன்னாய்.

தி.நகர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். அதில்தான் முதலில் பார்த்தேன். குடும்பம் குடும்பமாக மேடையேறி நின்ற படங்களில் இடது ஓரத்தில் நின்றவருக்கு ஒரு காது இல்லை. அடுத்ததில் இடது ஓரத்து மாமிக்குப் பாதி முகம். வலப்பக்கமோ தாராளமாக இடம் கிடந்தது. ஒரு தூண், ஒரு சுவிட்ச் போர்டு, மடக்கி வைத்த நாற்காலி. "வலது பக்கம் யாருக்குய்யா இடம் போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டேன். "இன்னா மேடம், சோக்கா சென்டர்லதானே எட்த்தேன்" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

லேபில் பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ராயப்பேட்டை வரை போய் அங்கே இருந்தவரோடு மல்லுக்கு நின்றேன். அவர் பொறுமையாக நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். அதிலும் அந்த மாமிக்குப் பாதி முகம்தான். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. கல்யாணப் பந்தியில் நீயும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோமே, ஒரு நாள் உன் இலையைப் பார்த்தேன். வலப்பக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். இடப்பக்கம் வைத்த அப்பளம், ஊறுகாய், ஸ்வீட் எல்லாம் வைத்தபடி கிடந்தது. ஸ்வீட்டை விட்டுவைக்கிற ஆளா நீ? "என்னய்யா, சர்க்கரை வியாதி வந்துடுச்சா?" என்று கேலி செய்தேன். "ஸ்வீட்டே போடலியே" என்று பரிமாறுகிறவனைக் கோபமாகத் தேடினாய். நான் இலையைச் சுட்டிக்காட்டினேன். நீ குனிந்து பார்த்து, "இது எப்ப வந்துச்சி?" என்றாய்.

அடையாறு பாலம் தாண்டி ஒருநாள் உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இடது பக்கம் இளநீர்த் தள்ளுவண்டி நின்றிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. நீ நேராக அதன்மேல் கொண்டுபோய் உரசினாய். உன் முழங்கால் தோல் பிய்ந்தது, என் புடவை கிழிந்தது. "இன்னா நைனா, கண்ணு பொடனியிலயா கீது?" என்று வண்டிக்காரர் திட்டினார். நீ வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். "சத்தியமா இது இங்க இல்ல மேடம்" என்று அப்புறம் மெதுவாக என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகு நான் உன் வண்டியில் ஏறவில்லை. முதுகு வலி என்று சாக்கு சொன்னேன்.

ஸ்டெல்லா சொல்லி, பாண்டி பஜார் பக்கம் கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டினாய். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாயாம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாம் இருவரும் நிம்மதியாகக் காபி குடித்தோம். கண் சரி, லேபும் சரி. அப்படியானால் கேமராதான். அவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கிய பொருளில் ஊனமா என்று உன் மச்சானைக் கன்னாபின்னாவென்று திட்டினாய்.

அந்தச் சமயத்தில்தான் மாடவீதியில் அந்த அறுபதாம் கல்யாணம் வந்தது. பெரியவரும் மாமியும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பையனும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமென்றார்கள். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? நம் ஸ்டுடியோவிலேயே மூன்று பேர் வந்தால் ஒரு பொம்மையையாவது கையில் கொடுத்து நாலாக்குவோம். மாமி அப்படியெல்லாம் விட்டுவிடுகிற ஆளில்லை. "மூணு பேரா நிக்கப்படாது, நீயும் வாடி" என்று மருமகளைக் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார். இடது ஓரம். நடுவில் பெரியவர்.

படம் வந்தது. மருமகளின் வளையல் போட்ட கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மற்றபடி மூன்றே பேர். பெரியவர் சரியாக நடுவில்.

அதை நான் ஆல்பத்தில் வைத்திருக்கவே மாட்டேன். ஆனால் அவர்கள் பையன் ஊருக்குத் திரும்ப அவசரப்பட்டதால், லேபிலிருந்து வந்த படக் கட்டை நீ அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாய். மாமி அதைக் கையில் பிடித்துக்கொண்டு நம் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "என்ன காரியம் பண்ணிட்டேள்! மூணு பேரா நிக்கப்படாதுன்னுதானே அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்? இப்படி வெட்டிட்டேளே! அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதார். நீ படத்தை வாங்கிப் பார்த்தாய். என்ன தப்பு என்று உனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். நான் நெகட்டிவைத் தேடி எடுத்து, மாமியின் கண்ணெதிரிலேயே அந்தப் படம் விழுந்த ஒரு துண்டைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினேன். மாமி படத்தைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு, குளத்தில் போட்டுவிடுகிறேன் என்று இறங்கிப் போனார்.

அந்தப் பெரியவர் ரொம்ப காலம் நன்றாக இருந்தார். மாலையில் குளக்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்று நாங்கள் எல்லோரும் படத்துக்குள் நின்றவர்களுக்காகத்தான் பயந்தோம். எடுத்தவனைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

மாமி வந்துபோன மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் கேமராவைச் சோதித்துவிடலாம் என்று மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் பெரிய கட்டம் ஒன்று போட்டேன். கட்டத்தின் நாலு கோடும் கண்ணாடிக்குள் ஓரத்தைத் தொடும்படி நின்று எடுக்க வேண்டும். கேமராவில் கோளாறு இருந்தால் யார் எடுத்தாலும் ஒரு பக்கம் வெட்டுப்படும். முதலில் நான் எடுத்தேன். அப்புறம் நீ எடுத்தாய். மில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் மேல் காக்கை ஒன்று உட்கார்ந்து உன்னையே பார்த்தது. அதை நீ விரட்டவில்லை, நான்தான் கல்லை எடுத்து விரட்டினேன்.

படங்களைக் கழுவி வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். என்னுடையதில் நாலு கோடும் இருந்தன. உன்னுடையதில் இடது கோடு இல்லை. வலப்பக்கம் வெறும் சுவர். நீ எடுத்த எல்லாப் படத்திலும் அப்படியே. உன் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது மேடம்?" என்றாய்.

விளையாடுகிறாயா என்று உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தாய், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியவில்லை, நீ எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இல்லாத கோடு இப்போது உன் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது.

விரலால் படத்தின் ஓரத்தைத் தடவினாய்.

"கோடு எங்க மேடம்?"

நீயே படத்தை நேராகத் திருப்பினாய். மறுபடி தலைகீழாக்கினாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரு பக்கம் வைத்தால் குறை தெரிகிறது, மறுபக்கம் வைத்தால் தெரியவில்லை. கடைசியில் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கேமராவுல ஒண்ணுமில்ல, இன்னா?" என்று கேட்டாய். "இல்ல" என்றேன். "சரி, டீ சொல்லு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். நீ எதற்கும் அசராதவன் என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

அன்று மாலையே உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. "க்கா, அது ஒரு பக்கம் தாடியே எடுக்கறதில்ல க்கா. வலது பக்கம் மட்டும் வழிச்சிக்கினு போவுது. சொன்னா, எட்த்தாச்சே, உனுக்குத்தான் கண்ணு தெர்லன்னு கோச்சிக்கிது. சட்டையில ஒரு கைய மாட்ட மறந்துடுது. நான் யார்கிட்ட க்கா சொல்றது?" இருவரும் சேர்ந்துதான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனோம்.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டர் விளக்கினார். நாம் நெகட்டிவ் பார்க்கிற பலகை மாதிரியேதான் இருந்தது. தலையின் வலது பக்கத்தில் ஒரு கட்டி. கண்ணுக்கு எல்லாம் தெரியும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடும் என்றார். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். நீ எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ என் கேமரா நல்ல கேமரா, இன்னா சார்?" என்றாய். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின ஞாயிறு உன் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். படுத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். நீ கேட்கவில்லை. "அவ பொறந்தன்னிக்கு மொத போட்டோ நான் எட்த்தது. கல்யாணத்துக்கு வேற எவனாவது வந்து எட்த்தா நல்லாவா கீது?" நான் கத்திப் பார்த்தேன். ஸ்டெல்லா அழுது பார்த்தாள். அப்புறம் நானும் உன்னோடு கிளம்பினேன்.

சர்ச்சுக்குள் நான் உன் இடது தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உன் காதில் மட்டும் விழும்படி சொல்லிக்கொண்டே வந்தேன். "இடது பக்கம் ரெண்டு பேர் வெளிய நிக்கறாங்க. திரும்பு. இன்னும் கொஞ்சம். போதும், எடு." நீ எடுத்தாய். "உங்க அம்மா இடது கடைசியில இருக்காங்க, இன்னொரு அடி பின்னால போ." போனாய். பார்த்தவர்கள், இது என்ன கல்யாணத்தில் ஒரு பொம்பளை இவன் தோளைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மோதிரம் மாற்றும்போது நான் பை எடுக்க ஒரு நொடி கையை எடுத்தேன். நீ கேமராவை இறக்கிவிட்டாய். "மேடம்? கீறியா?" நான் உன் இடப்பக்கத்தில்தான் நின்றிருந்தேன், புடவை உன் முழங்கையில் உரசும் தூரத்தில். "இங்கதான்யா இருக்கேன்." "கைய எடுக்காத. எட்த்தா நீ இல்லாத மாரி ஆயிடுது" என்றாய். அதற்கப்புறம் நான் கையை எடுக்கவில்லை. அந்த ஆல்பத்தில் ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. உன் அக்கா வீட்டில் இன்றும் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் நான் தினமும் வந்தேன். நீ தினமும் என்னைக் கேலி செய்தாய். மொட்டை அடித்த தலையைத் தடவிக்காட்டி, "வேளாங்கண்ணி போவாமலே வேண்டுதல் முட்ச்சிட்டேன்" என்றாய். ஆபரேஷன் முடிந்து வந்ததும் அந்த மாமிக்குப் புதுசாக நாலு பேர் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றாய். நானும் உனக்குச் சமமாக வாயாடினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன், ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்துபோவேன். அது உனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை வந்தபோது உன் அறைக் கதவு திறந்திருந்தது. கதவு உன் கட்டிலுக்கு இடப்பக்கம். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா உன் வலப்பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்திருந்தாள். நான் உள்ளே நாலடி எடுத்து வைத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டேன். கூப்பிட வாயெடுத்தேன். நீ பேசிக்கொண்டிருந்தாய்.

"பயமா கீது ஸ்டெல்லா. ரொம்ப பயமா கீது. நாளைக்கி உள்ள தள்ளிக்கினு போனா அப்டியே போயிடுவேனோன்னு கீது. தூங்கவே முடியல." உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. "மேடம்கிட்ட சொல்லிடாத. அது என்னிய நம்பித்தான் தைரியமா கீது. நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சா அதுவும் ஒடஞ்சிடும். நீ எப்பவும் சொல்லக்கூடாது, இன்னா?"

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கை நீட்டினால் உன் தோளைத் தொடும் தூரத்தில் நான் நின்றிருந்தேன். நீட்டவில்லை. "சொல்ல மாட்டேன்" என்று ஸ்டெல்லா உன்னிடம் சொன்னாள், கண்ணை என் மேலிருந்து எடுக்காமல்.

நான் அடிமேல் அடி வைத்து வெளியே போனேன். வராந்தாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். செருப்புச் சத்தம் கேட்கும்படி மறுபடி உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு உன் வலப்பக்கம் போய் நின்றேன். உன் முகம் மலர்ந்தது.

"இன்னா மேடம், இப்பதான் வர்றியா?"

"ஆமாய்யா, இப்பதான். பஸ்ஸே வரல."

"இந்த மேடத்துக்கு எப்பவும் பஸ்ஸு வராது" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். மறுநாள் காலை உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அறைக்கு நீ திரும்பி வரவில்லை.

இன்றும் படம் எடுக்கும்போது எல்லோருக்கும் முன்னால் இடது ஓரத்தில் நிற்பவரைத்தான் பார்க்கிறேன். அது தொழில், பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. ஸ்டெல்லா உன்னிடம் கொடுத்த வாக்கை இதுவரை மீறவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், என் வீட்டில் சாப்பிடுகிறாள், உன்னைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அன்றைக்கு அந்த அறையில் நீ சொன்னதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் அங்கே நின்று கேட்டது அவளுக்குத் தெரியும், நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீ அந்தப் பயத்தை மறைத்தாய். மறைத்தது முழுக்க என்னிடம்தான் வந்து சேர்ந்தது. இறக்கி வைக்க இடமில்லாமல் இத்தனை வருடமாக அதைச் சுமக்கிறேன்.

என்னிடம் சொல்லியிருக்கலாம்யா. நானும் அப்போது பயந்துகொண்டுதான் இருந்தேன்.